ஏழு நாள் ஆப்பு

மாமனாரின் போனில் வந்த செய்தி ரத்தினச் சுருக்கமாக இருந்தது. 'இதைத் தயாரித்தவர் நம்பத்தகாதவர்.' அதற்குக் கீழே, முன்னெழுத்து உட்பட, மாப்பிள்ளையின் முழுப் பெயர்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார்.

"இங்க வா. வந்து இதைப் படி. நான் சொன்னப்ப, வயசாயிடுச்சு, எதுக்கெடுத்தாலும் சந்தேகம்னீங்க. இப்ப போனே சொல்லுது."

மாமியார் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"முன்னெழுத்து சரியாப் போட்டிருக்கா?"

"அதெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு."

"அப்ப நம்ம மாப்பிள்ளைதான்" என்று உறுதி செய்துவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார்.

நம்ம மாப்பிள்ளை அப்போது அதே கூடத்தில், இரண்டடி தள்ளி, ஒரு கையில் லேப்டாப்பும் மறு கையில் ஒயருமாக நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்பது மாமனாருக்குத் தெரியும். ஆனால் மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை என்பதால், கல்யாணம் ஆன இந்தப் பதினாலு மாதத்தில் அவர் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். மகள் வீட்டில் இல்லாத நேரங்களில், அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்துச் சொல்வார்.

இப்போது மகள் நாற்காலியிலேயே இருந்தாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்டக் கேளு, இதுக்கு என்ன அர்த்தம்னு."

"அப்பா, அவர் இங்கதான் நிக்கறார்."

"நின்னா நிக்கட்டும். கேளு."

மாப்பிள்ளை நாற்காலியைப் பார்த்தே விளக்கினான். அவனுக்கும் பழகிவிட்டது.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் ஐந்து பேர், ஒரு குளியலறை. மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். அவன் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். எட்டுக்கே கிளம்ப வேண்டும். மாமியார் தையல் வகுப்பு நடத்துபவர். மச்சினி கால்நடை மருத்துவம் படிப்பவள். உள்ளே போனால் முக்கால் மணி நேரம் வெளியே வரமாட்டாள், யானையைக் குளிப்பாட்டிப் பழகுகிறாளோ என்று சந்தேகம் வரும். வங்கியில் ஓய்வுபெற்ற மாமனாருக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை; ஆனால் ஏழேகால் மணிக் குளியல் ஏழு பதினாறு ஆகிவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரும் அவரிடம் பேச முடியாது.

குளியலறை நடையின் கோடியில், பின் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் காலையில் அந்த நடையில் துண்டும் தோளுமாக ஒரு கூட்டம். கதவைத் தட்டுவது, உள்ளேயிருந்து "இதோ" என்று குரல் வருவது, அந்த 'இதோ'வின் நீளம் பற்றிய தகராறு.

இதற்கு முடிவு கட்டத்தான் மாப்பிள்ளை ஆப் செய்யக் கற்றுக்கொண்டான். கடையிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து, இரண்டு மாதம் இன்டர்நெட் பாடங்களைப் பார்த்து, முட்டி மோதி, ஒன்றை உருவாக்கிவிட்டான். பெயர் 'காலியா?' குளியலறைக்குள் போகிறவர் 'உள்ளே' என்று அழுத்தினால் எல்லார் போனிலும் சிவப்பு விளக்கு. வெளியே வந்து 'வெளியே' என்று அழுத்தினால் பச்சை. அவ்வளவுதான். நடையில் நிற்க வேண்டாம். அவரவர் அறையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

"பணம் கட்டிப் பதிவு பண்ணிக்கிட்டா எந்தப் போன்ல வேணும்னாலும் போடலாம்" என்றான் நாற்காலியிடம். "வருஷா வருஷம் கட்டணும். முதல்ல நம்ம வீட்டுல சோதிச்சுப் பார்த்துட்டுக் கட்டலாம்னு இருக்கேன். சும்மா சோதிக்கிறவங்களுக்கு மூணு போன்தான். ஒயர் மாட்டித்தான் ஏத்தணும். அப்புறம், கட்டாதவங்களைப் பத்தி போன் இப்படித்தான் சொல்லும்."

மாமனார் மகளைக் கேட்டார்: "பணம் கட்டினா நம்பத்தகுந்தவர் ஆயிடுவாரா?"

"ஆமாப்பா."

"நான் வேலை பார்த்த இடத்துலேயும் அப்படித்தான். சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

"செட்டிங்ஸ்ல போய், இவர் பேருக்குப் பக்கத்துல 'நம்பு'ன்னு இருக்கும். அதை அழுத்தணும்."

மாமனார் போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வங்கியில் முப்பத்தொரு வருடம் கையெழுத்து சரிபார்த்த மனிதர் அவர். சொந்தத் தம்பியின் காசோலையையே 'கையெழுத்து பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பியவர்.

"அப்படியெல்லாம் எடுத்தோம் கவிழ்த்தோம்னு நம்பிட முடியாது. ஒரு வெள்ளைத் தாள்ல மூணு கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லு."

மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தான். மாமனார் அதை ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மூணும் ஒண்ணு மாதிரி இல்லையே."

"மனுஷன் போட்டதுப்பா. அச்சடிச்சதில்ல" என்றாள் மகள்.

மூன்று நாள் பரிசீலனை நடந்தது. நான்காம் நாள் காலை ஏழேகாலுக்கு மாமனார் துண்டோடு நடைக்குப் போனபோது உள்ளே மச்சினி. ஏழு இருபதுக்கும் மச்சினி. ஏழு முப்பத்தெட்டுக்கு மாமனார் கூடத்துக்கு வந்தார், போனை எடுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு 'நம்பு' என்பதை அழுத்தினார்.

போன் உடனே கேட்டது: 'நிச்சயமாக நம்புகிறீர்களா?'

"பாரு, அதுக்கே மனசு வரல" என்றார் நாற்காலியிடம்.

அன்றைக்கே மூன்று போனிலும் புதிதாக ஏற்றியாயிற்று. முதல் வாரம் பிரமாதமாகப் போனது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. மாமனார் ஏழேகாலுக்கு உள்ளே போய் ஏழரைக்கு வெளியே வந்தார். நடை வெறிச்சோடிக் கிடந்தது. மாப்பிள்ளை கடையில் கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், "கீழ் வரி தெரியுதா? பச்சை தெளிவா, சிவப்பு தெளிவா?" என்று கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் பூரித்துப்போனான்.

ஒரே ஒரு குறை. மூன்று போன் என்றால் அவனுடையது, மாமனாருடையது, மச்சினியுடையது. மனைவிக்கும் மாமியாருக்கும் இல்லை.

"முப்பத்தாறு வருஷமா இந்தக் குளியலறையைத் தேய்ச்சுக் கழுவறவ நான்" என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல். "அதுல யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க எனக்குத்தான் உரிமை இல்ல."

மனைவி துண்டை எடுத்துக்கொண்டு நடையில் நிற்கப் போனாள். அதை மாப்பிள்ளை தனியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் காலை ஆப் திறக்கவில்லை. படம் இருந்தது, தொட்டால் 'இனிக் கிடைக்காது' என்று ஒரு வரி வந்து மறைந்தது. ஏழேகால் ஆனது. உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று தெரியாமல் மாமனார் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கதவைப் பார்க்கலாம் என்பது ஒரு வாரத்தில் அவருக்கு மறந்து போயிருந்தது.

"என்னாச்சுன்னு கேளு."

"சொல்ல மறந்துட்டேன்" என்றான் மாப்பிள்ளை. "பணம் கட்டாம ஏத்தினா ஏழு நாள்தான் உயிர். அப்புறம் மறுபடி ஒயர் மாட்டி, புதுசாக் கையெழுத்துப் போட்டு ஏத்தணும். அதுக்குப் பேரே கையெழுத்துதான்."

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் மாமனார் நிமிர்ந்தார்.

"ஏழே நாள்ல செத்துப்போற கையெழுத்தா? முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததில்லம்மா. இது ஆப் இல்ல, நமக்கு வச்ச ஆப்பு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு 'ஆப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒயர் மாட்டுவதை வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொண்டார்கள். மூன்று போன் குறைக்கு மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு கணக்குக்கு மூன்று போன் என்றால், வேறொருவர் பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தால் இன்னும் மூன்று. மாமனாரின் இமெயிலை வாங்கி அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவர் கையெழுத்தோடு மாமியார் போனில் ஏற்றினான்.

மாமியாரின் போன் பேசியது: 'இதைத் தயாரித்தவர் நம்பத்தகாதவர்.' கீழே மாமனாரின் பெயர்.

மாமியார் அதை நிதானமாகப் படித்தார்.

"எனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாச்சு. இது போனுக்கு ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சே!"

"சரி சரி, 'நம்பு'ன்னு இருக்கும், அழுத்து" என்றார் மாமனார்.

மாமியார் துளியும் யோசிக்காமல் 'ரத்து செய்' என்பதை அழுத்தினார்.

"என்ன இது? அழுத்தேன்!"

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு நம்பிட முடியுமா? ஒரு மூணு நாள் போகட்டும்."

மச்சினி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியாரின் பரிசீலனை மறுநாள் மத்தியானம் வரை நடந்தது. அதற்குள் மாமனார் இரண்டு முறை தானாகவே காய்கறி வாங்கி வந்தார். ஒரு வழியாக மாமியார் அழுத்தியதும் அவர் பெருமூச்சு விட்டு, நாற்காலியைப் பார்த்து, "ஒருத்தர் போன்ல நம்ம பேரு இப்படி வந்தா எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. உன் வீட்டுக்காரரை ஏதாவது சாப்பிடச் சொல்லு, முகம் வாடியிருக்கு" என்றார். நாற்காலியில் அப்போது யாரும் இல்லை.

ஆனால் ஓய்வுபெற்ற பிறகு முதல் தடவையாக அவர் கையெழுத்துக்கு மதிப்பு வந்திருந்தது. அந்தக் குஷி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. மாமியார் பெயரிலும் ஒரு கணக்குத் திறக்கச் சொன்னார். மூன்று கணக்கு, ஒன்பது போன். வீட்டுக்கு ஐந்து போக நான்கு மிச்சம். அந்த நான்கையும் காலை நடைப்பயிற்சி நண்பர்களுக்கு வழங்கிவிட்டார்: ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, நீச்சல் பயிற்சியாளர், கல்யாண போட்டோகிராபர், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர். நான்கு பேரும் பத்து வீட்டுத் தூரத்துக்குள் இருப்பவர்கள். நான்கு வீட்டிலும் ஒரே குளியலறை. நான்கு வீட்டிலும் அதே தகராறு.

"அவங்களுக்கு எதுக்குப்பா?" என்று கேட்டாள் மகள்.

"சோதனைன்னா நாலு இடத்துல சோதிக்கணும்மா. ஒரு வீட்டுல சோதிச்சா அது சோதனையா?"

நண்பர்களின் போன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்று ஏற்பாடு. நான்கு பேரும் வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். லேப்டாப் ஒன்று, ஒயர் ஒன்று. ஒரு போனுக்கு எப்படியும் இருபது நிமிடம் ஆகும். நடுவில் ஒயர் அசைந்தால் முதலிலிருந்து. மாமனார் தனியாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். "அடுத்து" என்று கூப்பிட்டார். மாமியார் எல்லாருக்கும் இரண்டு தடவை டீ போட்டார். குளியலறை வரிசையை ஒழிக்க வந்த ஆப்புக்காகக் கூடத்தில் ஒரு வரிசை நின்றது.

"இதுக்குப் பேசாம நடையிலேயே நின்னிருக்கலாம்" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை. ஒயரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்; விட்டால் முதலிலிருந்து.

திங்கட்கிழமை காலை ஏழு ஐந்துக்கு விளக்கு சிவப்பு. ஏழேகாலுக்கும் சிவப்பு. ஏழரைக்கும் சிவப்பு. பொறுக்க மாட்டாமல் மாமனார் அறையை விட்டு வெளியே வந்தார். அதே நேரத்தில் மாமியாரும் வந்தார். மனைவி, மச்சினி, மாப்பிள்ளை என்று எல்லாரும் துண்டோடு நடையில் கூடிவிட்டார்கள். குளியலறைக் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வாளி மட்டும் தனியாக இருந்தது.

"காலியாத்தானே இருக்கு?" என்றாள் மச்சினி.

"அது கண்ணுக்கு" என்றார் மாமனார். "ஆப்புல உள்ளேன்னு இருக்கு. நம்பச் சொல்லிட்டு இப்பக் கண்ணை நம்பச் சொன்னா எப்படி?"

ஐந்து பேரும் திறந்த கதவுக்கு எதிரே இன்னும் பதினைந்து நிமிடம் நின்றார்கள். ஏழே முக்காலுக்கு விளக்கு பச்சையானது. எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மாமனார் உள்ளே காலை வைப்பதற்குள் மறுபடி சிவப்பு.

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் ஆப் செய்யும்போது உலகத்தில் இருப்பது ஒரே ஒரு குளியலறை என்று நினைத்துக்கொண்டு செய்திருந்தான். நீச்சல் பயிற்சியாளர் தன் வீட்டில் அரைமணி நேரம் முங்கியிருந்தபோது அது ஐந்து வீட்டுக்கும் சேர்த்துச் சிவப்பாக இருந்திருக்கிறது. அந்த ஐந்து வீட்டிலும் எத்தனை பேர் திறந்த கதவுக்கு முன்னால் நின்றார்களோ!

அன்று ஒரு வழக்கு ஆரம்பித்துக் கால்மணி நேரம் கழித்துத்தான் மனைவி நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். நீதிபதி காரணம் கேட்டார். சொன்னாள். அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்றார் அவர்.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து மாப்பிள்ளை அதைத் திருத்தினான். இப்போது ஆப்பைத் திறந்தால் ஐந்து வீட்டின் பெயரும் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. எந்த வீட்டுக் குளியலறையோ அந்த வீட்டுக்கு நேராக அழுத்த வேண்டும். குழப்பத்துக்கு இடமே இல்லை. கூடவே, ஒரு நாளைக்கு எந்த வீட்டில் எத்தனை குளியல் என்று எண்ணிக் காட்டும்படியும் வைத்தான். அந்த எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை. ஏதோ கை வந்ததால் வைத்தான்.

வந்த வினை அதுதான்.

முதல் நாள் அவர்கள் வீட்டுக் கணக்கு: ஐந்து. இரண்டாம் நாள்: ஏழு. அடுத்த வாரம் ஒன்பது. அதற்கும் அடுத்த வாரம் ஒரு நாள் பதினொன்று.

"அஞ்சு பேரு, பதினொரு குளியலா?" என்றார் மாமனார்.

ஆப் பொய் சொல்கிறது என்று விட்டுவிடலாம் என்றால், சோப்பு அதே கதையைச் சொன்னது. ஒரு மாதம் வரும் சோப்பு ஒரு வாரத்தில் வெற்றிலை மாதிரி ஆகிவிட்டது. மேல் தொட்டியில் எட்டு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. முன்பைவிடச் சிவப்பு அதிகம். ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து விளக்கு மாறக் காத்திருந்தார்கள்.

வீட்டில் சந்தேகம் புகுந்தது. மாமியாருக்கு மச்சினி மேல். மச்சினிக்கு அக்கா மேல். "ரெண்டு தடவை குளிக்கிறியா நீ?" என்று மனைவி மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "உண்மையைச் சொல்லு, நான் திட்டமாட்டேன்."

"நான் இப்பல்லாம் ஒரு தடவைகூட ஒழுங்காக் குளிக்கல" என்றான் அவன். அது உண்மை. அன்றைக்குக் கடையில் வாடிக்கையாளர் ஒருவர், "சார், கொஞ்சம் தள்ளி நின்னு பரிசோதிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமனார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். குளிக்கும் நேரம், தண்ணீர் எத்தனை வாளி, தலைக்கா உடம்புக்கா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். கூட்டிப் பார்த்தால் ஐந்துதான் வந்தது. திருப்பிக் கூட்டினாலும் ஐந்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாமனார் எழுந்து வந்தார். வந்து, நாற்காலியைப் பார்க்காமல், அவன் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை."

செருப்பு மாப்பிள்ளையின் கையிலிருந்து நழுவியது. பதினாலு மாதத்தில் முதல் வார்த்தை! உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் கத்தி நின்றது.

"சொல்லுங்க மாமா."

"உங்க கணக்கு தப்பு."

"சரிங்க மாமா" என்றான் அவன், கண்ணில் நீர் முட்ட, வாயெல்லாம் பல்லாக.

"சிரிக்காதீங்க. விஷயம் பெருசு. ஆப்பு தப்பா, இல்ல வீட்டுக்குள்ள யாராவது மறைக்கிறாங்களா, ரெண்டுல ஒண்ணு. ஆப்பு சரின்னு தெரிஞ்சா, அந்த வருஷக் கட்டணத்தை நான் கட்டறதா இருந்தேன். நண்பர்கள்கிட்டயும் சொல்லிட்டேன். தப்புன்னா ஒன்பது போன்லேருந்தும் எடுத்துடணும், என் பேரும் அதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல நேரடிச் சரிபார்ப்பு. அஞ்சு பேரும் என் கண்ணு முன்னால வரிசையாக் குளிக்கணும்."

"அப்பா!" என்றாள் மச்சினி.

"கதவுக்கு வெளியேதான் நிப்பேன், கழுதை. உள்ளே போறப்ப ஒரு டிக், வெளியே வர்றப்ப ஒரு டிக். அதுவரைக்கும் நம்ம வீட்டுப் போனுக்குப் புதுக் கையெழுத்து கிடையாது."

மாப்பிள்ளைக்கு அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. எழுதியதை வரி வரியாகத் திரும்பப் படித்தான். பத்து முறை அழுத்திப் பார்த்தான், பத்துதான் எண்ணியது. பதினொரு முறை அழுத்தினான், பதினொன்று. எங்கேயும் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் பயமாக இருந்தது. அப்படியானால் இந்த வீட்டில் ஒருவர் பொய் சொல்கிறார். யார்? மாமியாரின் முகத்தைப் பார்த்தான், பொய் சொல்பவர் மாதிரி இல்லை. மனைவியைப் பார்த்தான். "என்ன பார்வை அது?" என்றாள் அவள். மாமனாரையே பார்த்தான். தலை காய்ந்துதான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலத்தோடு ஏழு நாள் முடிந்தது. வீட்டுப் போன் ஐந்திலும் ஆப் செத்துப்போனது. மாமனார் சொன்னபடி யாரும் ஒயர் மாட்டவில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணி. மாமனார் தாளும் பேனாவுமாக முன்னால் வர, பின்னால் துண்டுகளோடு மாமியார், மனைவி, மச்சினி, மாப்பிள்ளை. பல நாட்களுக்குப் பிறகு ஐந்து பேரும் ஒன்றாக நடையில் கால் வைத்தார்கள். மாமியார் குப்பை வாளியை வெளியே வைப்பதற்காகத் திறந்த பின் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"யாரு, அதுக்குள்ள முந்திக்கிட்டது?" என்றார் மாமனார் திரும்பாமலே.

திரும்பினார். எண்ணினார்: நாலு. தன்னைச் சேர்த்து எண்ணினார்: ஐந்து. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு விரலை நீட்டித் திரும்பவும் எண்ணினார்.

"எல்லாரும் இங்க இருக்கோம்" என்றாள் மனைவி மெதுவாக.

"அப்ப உள்ள யாரு?"

மாப்பிள்ளையின் கை தானாகப் போனைத் தேடியது. தொட்டான். 'இனிக் கிடைக்காது' என்றது போன்.

மாமியார் மச்சினியின் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சினி பின் கதவோரம் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். உள்ளே தண்ணீர் நின்றது. யாரோ தொண்டையைச் செருமி, துண்டால் தலையை அடித்துத் துவட்டும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கும் சத்தமும் கேட்டது. பிறகு தாழ் விலகியது.

இடுப்பில் வேட்டியும் தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக, முகம் பளபளக்க வெளியே வந்தவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி.

அவர் ஒன்றும் பதறவில்லை. முதலில் போனை எடுத்து, 'வெளியே' என்பதைப் பொறுப்பாக அழுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீரா?" என்றார் மாமனார்.

"நான்தான். வணக்கம். வெந்நீர் இன்னிக்கு அருமை."

"இங்க... எங்க வீட்டுல... நீர் என்ன பண்றீர்?"

"குளிச்சேன்" என்றார் அவர், இதில் என்ன சந்தேகம் என்பது போல. "எங்க வீட்டுல சிவப்பு. நீச்சல்காரர் வீட்டுல சிவப்பு, அது எப்பவும் சிவப்புதான். உங்க வீட்டுல பச்சை எரிஞ்சது, வந்தேன். பின் கதவு திறந்திருந்தது."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா. உங்க மாப்பிள்ளை அஞ்சு வீட்டையும் வரிசையாப் போட்டுக் குடுத்தாரே, அன்னையிலேருந்து. என் பொண்ணு இப்ப மருந்துக்கடைக்காரர் வீட்டுல இருக்கா. மருந்துக்கடைக்காரர் போட்டோகிராபர் வீட்டுக்குப் போயிருக்கார். நேத்து போட்டோகிராபர் குடும்பத்தோட இங்கதான். எங்கேயும் ஒரு நிமிஷம் காத்திருக்கறதில்ல. என்ன மூளைங்க உங்க மாப்பிள்ளைக்கு! அஞ்சு தெருவுல இப்படி ஒரு ஏற்பாடு யாருக்குத் தோணும்?"

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாமியார் சோப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினியின் கையிலிருந்த துடைப்பம் மெல்லக் கீழே இறங்கியது.

தபால் அதிகாரி அப்போதுதான் அவர்களை நன்றாகக் கவனித்தார். ஐந்து பேர். ஐந்து துண்டு. கலைந்த தலைகள். ஒருவர் பின் ஒருவராக நடை முழுக்க நின்ற வரிசை. அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, பிறகு கொஞ்சம் இரக்கமும் வந்தது.

"ஏங்க, நீங்க எல்லாரும் இன்னுமா சொந்த வீட்டுலேயே வரிசையில நின்னு குளிக்கிறீங்க?"